எனெலெசி டீச்சரம்மா மாற்றிச் சொன்ன பதில்

ஷீரே ஆற்றங்கரையில் எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானம் வாங்கிய யாரைக் கேட்டாலும் முதலில் எனெலெசி டீச்சரம்மாவின் பிரம்பைப் பற்றித்தான் பேச்சு வரும். அந்தப் பிரம்பால் அவள் யாரையும் அடித்ததில்லை. மேசையில் ஒரு தட்டு தட்டுவாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு அறுபது வயது மீனவர்கள்கூட முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள்.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. பழைய உபதேசியார் இறந்தபோது வேதத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த ஆள் சபையில் வேறு யாரும் இல்லையென்று அவளிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. புதன்கிழமை பிற்பகலில், வயலில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, சேறு காயாத காலோடு ஜனங்கள் ஜெபவீட்டுக்கு வந்து உட்காருவார்கள்.

“கடவுள் எத்தனை பேர்?” என்பாள்.

“ஒருத்தர்தான்!”

“அப்ப பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேர் சொல்றோமே?”

“மூணு பேரும் ஒரே கடவுள்!”

“எப்படி?”

இங்கேதான் வகுப்பு வாயடைத்துப் போகும். அப்போது ஜன்னலுக்கு வெளியே, புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல் வரும். “உனக்கே தெரியாது டீச்சரே. அதுங்கள ஏன் படுத்துற?”

அது அவள் புருஷன் லமெக்கி. சைக்கிளின் பின்னால் அவளை உட்கார வைத்துக் கூட்டி வருவது அவர் வேலை. வகுப்பு முடியும்வரை மரத்தடியில் மீன்வலையைத் தைத்துக்கொண்டு இருப்பார்.

“தெரிஞ்சிருந்தா அது கடவுள் இல்ல, நம்ம வீட்டு ஆடு,” என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் பாடத்தைத் தொடருவாள். “யோர்தான் ஆத்துல இயேசு முழுகி எழுந்தாரு. வானத்துலேர்ந்து பிதாவோட குரல் வந்துச்சு. ஆவி புறா மாதிரி எறங்குச்சு. மூணு பேரும் ஒரே நேரத்துல. நான் விளக்கலே, வேதம் காட்டுது. பாத்துக்குங்க.”

பாவத்தைப் பற்றிய பாடம் வந்தால் அவள் யாரையும் விடமாட்டாள். “பாவம் செய்யாதவன் ஒருத்தனும் இல்ல. போதகர் ஐயா செஞ்சாரு, கெம்போ மூப்பர் செஞ்சாரு, நான் செஞ்சேன்.” மூப்பர் கெம்போ அன்றைக்கு வகுப்பில் இருந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வார். “பாவத்துக்குக் கூலி சாவு. அந்தக் கூலிய நமக்குப் பதிலா இயேசு வாங்கிக்கிட்டாரு. நமக்குக் கெடச்சது இனாம். உழைச்சு வாங்காதது. அதுக்குப் பேருதான் கிருபை.”

இனாமாகக் கிடைப்பதற்கு இரண்டு வருஷ வகுப்பு எதற்கு என்று லமெக்கியைத் தவிர யாரும் கேட்டதில்லை.

எங்கள் சபையின் சட்டம் அப்படி. இரண்டு வருஷம் வகுப்பு. அதற்கப்புறம் மூப்பர்கள் முன்னால் கேள்வி. அதில் தேறினால், பதினான்கு ஜெபவீடுகளைச் சுற்றிவரும் போதகர் வந்து தலையில் தண்ணீர் ஊற்றுவார். அவரைத் தவிர வேறு யாரும் ஊற்றக்கூடாது. நடுவில் ஒரு சொட்டு சோளக் கள் குடித்தால் பெயரை அடித்துவிடுவார்கள், முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்காமல் செத்தாலோ புளியமரத்தில் தொங்கும் தண்டவாளம் ஒலிக்காது.

அந்தத் தண்டவாளத் துண்டுதான் எங்களுக்கு மணி. சபையில் ஒருவர் இறந்தால் பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று என்று மூன்று முறை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் சபையின் வெள்ளைச் சட்டைப் பெண்கள் பாட வருவார்கள், மூப்பர்கள் பெட்டியைத் தூக்குவார்கள். ஒலிக்காவிட்டால் உறவுக்காரர்கள் தாங்களாகவே குழி தோண்டிப் புதைத்துக்கொள்ள வேண்டியதுதான். கண்டவன் அடித்துவிடக் கூடாதென்று அடிக்கும் இரும்புக் கம்பியைக் கெம்போ மூப்பர் தன் வீட்டிலேயே வைத்திருந்தார்.

லமெக்கி மூன்று தடவை வகுப்பில் சேர்ந்தார். மூன்று தடவையும் பெயர் அடிபட்டது. அடித்தது எனெலெசி.

முதல் இரண்டு தடவை ஊரே பார்க்கக் குடித்தார், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது தடவைதான் வயிற்றெரிச்சல். ஞானஸ்நானத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அண்ணன் சாவுக்கு அக்கரைக்குப் போனவர், திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, “குடிச்சேன்,” என்றார். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. “ஒரு சுரைக்குடுக்கை. அவன் முகத்தப் பாத்ததும் தாங்கல. உன்கிட்ட மறைக்க முடியாது டீச்சரே, அதான் சொல்லிட்டேன்.” பாவத்தை ஒத்துக்கொண்டால் கடவுள் மன்னிக்கிறார் என்பது அவள் நடத்தும் எட்டாம் பாடம். அவள் நோட்டை எடுத்தாள், பெயரை அடித்தாள். அதற்கப்புறம் லமெக்கி வகுப்பில் சேரவில்லை. சைக்கிள் மட்டும் வழக்கம்போல் ஓட்டினார்.

எங்களில் சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றோம். புருஷனுக்கே சலுகை காட்டாதவள் என்று மெச்சியவர்களும் உண்டு. நான் இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

இந்த மழைக்காலத்தில் லமெக்கிக்கு வயிறு வீங்கியது. மாவட்ட ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா,” என்று மட்டும் சொன்னார்கள். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அவர் கூழைத் தள்ளிவிட்டு, “போதகர வரச் சொல்லு. இந்தத் தடவை குடிக்கிறதுக்கு எனக்கு நேரமில்ல,” என்றார்.

அவள் போனில் போதகரிடம் பேசினாள். மூப்பர்கள் முன்னால் கேள்வி வேண்டாம், நானே வந்து ஊற்றுகிறேன் என்று சொல்லி, அவர் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அக்கரைக்கு வந்து நின்றார். ஆனால் மேலே மலையில் பெய்த மழையெல்லாம் இரவோடு இரவாக ஆற்றில் இறங்கியிருந்தது. வேரோடு மரங்கள் மிதந்து வந்தன. படகுத்துறையில் ஒரு நீர்யானை குட்டியோடு நின்றது. குட்டியோடு நிற்கும் நீர்யானைப் பக்கம் எங்கள் ஊரில் பைத்தியக்காரன்கூடப் போகமாட்டான்.

படகுக்காரன் பெயர் விஸ்கி. அப்பன் வைத்த பெயர், அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. எனெலெசி அவனிடம் போய் நின்றாள். அவள் கேட்கவே இல்லை, சும்மா நின்றாள்.

“டீச்சரம்மா, எனக்கு நாலு புள்ளைங்க,” என்றான் விஸ்கி.

“தெரியும்ப்பா. நாலுக்கும் நான்தானே பாடம் சொன்னேன்.”

“அப்படிப் பாக்காதீங்கம்மா.” அவன் தலையைச் சொறிந்தான். “நீர்யானை நகரட்டும். நகந்தா எறங்கறேன்.”

பதினோரு மணிக்கு அது நகர்ந்தது. விஸ்கி மரத்தோணியை இறக்கினான். கரையில் நின்ற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பாதி ஆறு வரை போனான். ஒரு மரம் சுழன்று வந்து தோணியின் பக்கத்தில் மோதியது. தண்ணீர் உள்ளே ஏறியது. அவன் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தண்ணீரை இறைத்ததைப் பார்த்து அவன் மனைவி அலறினாள். ஆறு அவனை வெகுதூரம் கீழே இழுத்துப் போய் எங்கள் கரையிலேயே தள்ளியது. சட்டையைப் பிழிந்துகொண்டே நடந்து வந்தவன் டீச்சரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அக்கரையில் போதகர் கறுப்புக் கோட்டோடு நின்றுகொண்டே இருந்தார். கையை வாயருகே வைத்து ஏதோ கத்தினார். ஆற்றின் இரைச்சலில் ஒரு வார்த்தைகூட வந்து சேரவில்லை.

வீடு கரைக்குப் பக்கத்தில்தான். கதவுக்கு நேராகப் பாய் போட்டுப் படுத்திருந்த லமெக்கிக்கு ஆறு தெரிந்தது.

“அங்க நிக்கிற கறுப்பு, போதகரா, காக்காயா?”

“போதகர்தாங்க.”

“பாவம். வெயில்ல கோட்டு எதுக்கு.” அவருக்கு மூச்சு வாங்கியது. “விஸ்கியும் என்னைக் கைவிட்டுட்டான் பாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையைப் பிடித்தாள், அது குளிர்ந்திருந்தது. பாய்க்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானையும் தகரக் குவளையும் இருந்தன. அவள் குவளையைப் பார்த்தாள், அக்கரையைப் பார்த்தாள், மறுபடி குவளையைப் பார்த்தாள். பிறகு குவளையைப் பானைக்குள் விட்டு மொண்டாள். அவர் தலைக்கு மேல் கொண்டுபோனாள். மூன்று பெயரையும் சொல்லவேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அவள் சொல்லிக்கொடுத்த பெயர்கள்தானே?

“வேணாம்,” என்றார் லமெக்கி. “உன் பேர அடிச்சிருவாங்க. வகுப்ப யாரு நடத்துவா? அத இப்படிக் குடு, தாகமா இருக்கு.”

அவள் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அவர் பாதி குடித்தார், மீதி கழுத்தில் வழிந்தது.

“டீச்சரே, நான் ஒரு கேள்வி கேக்கறேன். பாடத்துல இருக்கற பதில் வேணாம்.” அவர் கண் அவளை விட்டு நகரவில்லை. “இப்ப நான் செத்தா எங்க போவேன்?”

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் பிரம்பைத் தட்டிவிட்டு, ஞானஸ்நானத்தைப் பற்றிய ஐந்தாம் பாடத்தை எடுக்கச் சொல்லியிருப்பாள். இப்போது மூன்று தடவை அடித்த பெயர் கண்ணுக்கு முன்னால் நின்றது. பயத்தில் அவளுக்கு வேதத்தில் ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. அவர்தான் எடுத்துக்கொடுத்தார்.

“அந்தக் கள்ளன். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கினானே. அவன் ரெண்டு வருஷம் வகுப்புக்குப் போனானா?”

“இல்லங்க.”

“தண்ணி ஊத்தினாங்களா?”

“இல்ல.”

“அவன் என்னதான் செஞ்சான்?”

“தப்பு செஞ்சேன், இது எனக்குத் தகும்னான். என்னை நினைச்சுக்குங்கன்னு இயேசுகிட்ட கேட்டான். அவ்வளவுதான்.” அவள் அவர் கையை மறுபடி பிடித்தாள். “இன்னிக்கே நீ என்கூட இருப்பேன்னு அவரு சொன்னாரு.”

“அப்ப நான்?”

“அவன் போன எடத்துக்குத்தான் போவீங்க. அடிச்சது என் நோட்டுலதாங்க. அவரு நோட்டுல யாரும் அடிக்கல.”

லமெக்கி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, “அப்ப செலினா மகளும் அங்கதான் இருக்கா,” என்றார். “பாத்தா சொல்றேன், டீச்சர் பதில மாத்திட்டாங்கன்னு.”

உச்சிவேளைக்குச் சற்றுப் பிறகு அவர் போய்விட்டார். போதகர் அப்போதும் அக்கரையில் நின்றுகொண்டிருந்தார்.

செலினா மகள் யார் என்று சொல்ல வேண்டும். மூன்று வீடு தள்ளி இருப்பவள் செலினா. ஒரு காலத்தில் வெள்ளைச் சட்டைப் பெண்களில் முதல் குரல் அவளுடையது. அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் பாடுவார்கள். அவளுக்கு ஒரே மகள் தியாமிக்கே, பத்தொன்பது வயது. எனெலெசியின் வகுப்பில் இரண்டு வருஷம் ஒரு புதன்கிழமைகூடத் தவறாமல் வந்த பெண். ஞானஸ்நானத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது காலரா வந்து இரண்டே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. மூப்பர்களுக்கே அன்றைக்கு மனம் இளகியது. தண்டவாளம் அடிக்கலாமா என்று டீச்சரம்மாவைத்தான் கேட்டார்கள். எனெலெசி எழுந்து நின்று, “ஞானஸ்நானம் ஆகல. இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு வகுப்புக்கு யாரும் வரமாட்டாங்க,” என்றாள். பாட்டில்லாமல் புதைத்தார்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து செலினா ஜெபவீட்டு வாசலை மிதிக்கவில்லை, எனெலெசியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆனால் சாவுக்கு வராமல் இருப்பது எங்களிடம் கிடையாது. அன்று பிற்பகல் லமெக்கியின் உடலைச் சுற்றிப் பெண்கள் பாயில் உட்கார்ந்தபோது செலினாவும் வந்தாள். கதவோரம் சுவரில் சாய்ந்து, இடுப்புத் துணியை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவள் வந்ததும் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான். இப்போது டீச்சரம்மாவின் வீட்டிலேயே தண்டவாளம் ஒலிக்காத சாவு.

வெளியே மூப்பர்கள் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். போன் போட்டார்கள், மறுபடி பேசினார்கள். வெயில் கொளுத்தியது, உடலை அடுத்த நாள் காலைக்கு மேல் வைக்க முடியாது. பெட்டி செய்பவர்கள் ஆணியும் சுத்தியலுமாகக் காத்திருந்தார்கள். எந்தக் குழியைத் தோண்டுவது, சபைக் கல்லறையிலா வெளியிலா என்று கேட்க இரண்டு பேர் வந்து போனார்கள். கடைசியில் கெம்போ மூப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் இரும்புக் கம்பி.

“டீச்சரம்மா, போதகர் ஐயாகிட்ட பேசிட்டோம்,” என்றார். “லமெக்கி கேட்டுட்டாரு, போதகரும் வந்துட்டாரு, நடுவுல ஆறுதான் தடுத்துச்சு. அவரோட குத்தம் இல்ல. அடிக்கலாம்னு சொல்லிட்டாரு. நானே போய் அடிக்கிறேன்.”

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி, “ஸ்தோத்திரம்,” என்றாள். எனெலெசி கம்பியைப் பார்த்தாள். லமெக்கிக்குப் பாட்டு உண்டு, அவரைத் தூக்க ஆள் உண்டு. வேறு என்ன வேண்டும்? தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

கதவோரத்தில் செலினா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். சத்தம் கேட்பதற்கு முன் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவள் முகத்தில் தெரிந்தது.

“ஐயா, கொஞ்சம் இருங்க,” என்றாள் எனெலெசி. “தியாமிக்கேவுக்கும் நடுவுல காலராதான் தடுத்துச்சு.”

மூப்பருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. “அது பழைய கதைம்மா.”

“முதல்ல அவளுக்கு அடிங்க. அப்புறம் இவருக்கு.”

“ஒம்பது வருஷம் ஆச்சு! செத்தவளுக்கு இப்ப அடிச்சு என்ன ஆகப்போகுது?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகவேண்டியதில்ல. அவ அன்னிக்கே போய்ச் சேந்துட்டா. நான்தான் தப்பாச் சொன்னேன். எழுந்து நின்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன், அதனால இப்பவும் எல்லாரு முன்னாலயும் சொல்றேன்.” அவள் செலினாவைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை. “கிருபை இனாம்னு வாயால சொல்லிட்டு, கையால வாசல்ல நின்னு சீட்டுக் கேட்டேன் ஐயா.”

கெம்போ மூப்பர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் சட்டத்தை விட்டுக் கொடுத்துப் பழகாதவர். “ஒருத்திக்கு அடிச்சா ஊர்ல இருக்கற அத்தன பேரும் வந்து, என் அப்பனுக்கு அடி, என் தம்பிக்கு அடின்னு நிப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“தெரியலைங்க. ஆனா அவளுக்கு அடிக்க முடியாதுன்னா இவருக்கும் வேணாம். நாங்களே பொதைச்சுக்கறோம்.”

லமெக்கியின் தங்கை எனெலெசியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அண்ணி, பைத்தியமா? அண்ணனுக்குக் கெடச்சதக் கெடுக்காத. உசுரோட இருக்கறப்ப மூணு தடவை பேர அடிச்ச, செத்தப்புறமுமா?”

அந்தச் சொல் எனெலெசிக்கு நெஞ்சில் போய்த் தைத்தது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ புதன்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து பாடம் கேட்ட மனுஷன். அவள் கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. “அவருதான் சொன்னாரு அவளப் பத்தி,” என்றாள். “கடைசியா பேசினதே அதத்தான்.”

கெம்போ மூப்பர் கம்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நெற்றி வேர்த்தது. பிறகு கம்பியைப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

“ரெண்டு வாட்டி அடிக்க எனக்கு உத்தரவு இல்ல,” என்றார். “ஆனா நான் பெட்டி வேல எப்படி நடக்குதுன்னு பாக்கப் போறேன். கம்பி இங்கதான் இருக்கு. நான் திரும்பி வந்து கேக்கமாட்டேன்.” குனிந்து வெளியே போய்விட்டார்.

யாரும் கம்பியைத் தொடவில்லை. எனெலெசி எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் செலினா கதவோரத்திலிருந்து நடந்து வந்தாள். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் குனிந்து கம்பியை எடுத்தாள், வெளியே போனாள். அவள் செருப்புச் சத்தம் முற்றத்தைத் தாண்டிப் போவது கேட்டது. ஆற்றில் எறியப்போகிறாள் என்றுதான் எங்களில் பலர் நினைத்தோம். எனக்கும் அதே நினைப்புதான்.

தண்டவாளம் ஒலித்தது. நன்றாக இடைவெளி விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு அப்புறம் ஒரு பெண் வாய்விட்டு அழும் சத்தம் மரத்தடியிலிருந்து வந்தது. தியாமிக்கேவுக்காக ஒன்பது வருஷத்துக்கு முன் அழவேண்டியவர்களெல்லாம் அன்றைக்குத்தான் அழுதார்கள்.

பிறகு அமைதி. எனெலெசி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு ஒலித்துவிட்டது, செலினாவிடம் அதற்குமேல் கேட்க அவளுக்கு வாய் கிடையாது. லமெக்கிக்கு ஒலிக்காவிட்டால் ஒலிக்காமலே போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுபடி ஒலித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அக்கரையில் போதகர் தொப்பியைக் கழற்றியதைப் பெட்டி செய்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்களாம். செலினா திரும்பி வந்து கம்பியைப் பாயில் வைத்தாள். எனெலெசிக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்புத் துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் பேசினாள்.

“டீச்சரம்மா, அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்? ஆரம்பிக்கறேன்.”